கொட்டாயில நின்ன ஹெரால்ட்: பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிய வீட்லயே, குடும்பத்தோட பிரிச்சு மாட்டுறது எப்படி

பழைய வண்டிய வாங்கி வீட்லயே ரெடி பண்ணணும்னு ஆசப்படுறவங்க பாதி பேரு எங்கிட்ட மொதல்ல கேக்குறது "பெயிண்ட் எவ்ளோ ஆச்சு"ன்னுதான். அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. பெயிண்ட் கடைசி வேல. நாங்க கிருஷ்ணகிரி பக்கம் எங்கூட்டு பழைய மாட்டுக் கொட்டாயில ரெண்டு வருஷம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமையா செஞ்சோம், அதுல பெயிண்டுக்கு ஆனது கடைசி ஒரு மாசம்தான், மீதி எல்லாம் துரு, போல்ட்டு, துரு, பிரேக்கு, மறுபடி துரு.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்ட், 1966 மாடல், ரெண்டு கதவு. சேலத்துல ஒரு வீட்டு ஷெட்டுல கோழி அடைஞ்சிட்டு இருந்துச்சு. இது ஸ்போர்ட்ஸ் காரான்னு மச்சான் சிரிச்சான். ஆனா இத பாருங்க, இங்கிலாந்துல 1959ல ட்ரையம்ப் ஹெரால்டுன்னு வந்த வண்டி இது, டிசைன் போட்டவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி, 1961ல இருந்து நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனில வண்டலூர் பக்கம் செஞ்சாங்க, இதே சேஸிய (எஞ்சினயும் சக்கரத்தயும் தாங்குற அடிச் சட்டம்) நீளம் கொறச்சுத்தான் 1962ல ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்னு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரே வந்துச்சு. ஸ்பிட்ஃபயருக்கு இங்க சொத்த விக்கணும், ஹெரால்டுன்னா மாங்கா தோப்பு குத்தகைப் பணம் போதும்.

வீட்ல வேல பாக்குறவனுக்கு இதவிட நல்ல வண்டி கெடையாது. இப்ப வர வண்டி மாதிரி பாடியும் சேஸியும் ஒண்ணா வெல்டு வெச்சது இல்ல, தனி சேஸி, அதுமேல பாடிய துண்டு துண்டா போல்ட்டுல மாட்டியிருக்காங்க, கூரைகூட போல்ட்டுதான். பானட் முன்னாடி பக்கமா மொத்தமா கவுந்து தொறக்கும், பாப்பா முன் டயர் மேல உக்காந்துக்கிட்டே பிளக் கழட்டுவா. கியர் பாக்ஸ கீழ படுத்து எறக்க வேண்டாம், வண்டி உள்ள இருக்குற கவர கழட்டுனா உள்ளயே தூக்கிரலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு பேப்பர், ஆர்சி புக்குல இருக்குற சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டில இருக்குறதோட ஒத்துப்போகணும், ஒரு எழுத்து மாறுனாலும் திரும்பி வந்துருங்க, எவ்ளோ அழகா இருந்தாலும் சரி. ரெண்டாவது ஒரு காந்தம், ஃபிரிட்ஜுல ஒட்டி வெக்கிற காந்தம் போதும், துணில சுத்தி பாடி பூரா தடவுங்க. ஒட்டாத எடத்துல தகடு இல்ல, பட்டி இருக்கு. எங்க வண்டில இடது கதவுக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்கு காந்தம் வழுக்கிட்டே போச்சு, சொரண்டிப் பாத்தா அர இஞ்சு தடிமனுக்கு பட்டி, அதுக்குள்ள பழைய நியூஸ் பேப்பர் சுருட்டி வெச்சிருந்தாங்க. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ. பொதுவா துரு புடிக்கிற எடம்: சேஸில பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்குற கைங்க, கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகடு, டிக்கி தரை, பேட்டரி உக்காருற தட்டு. இதுல சேஸியோட நடுத்தண்டு மட்டும் நல்லா இருந்தா போதும், மத்ததெல்லாம் வெல்டிங் பட்டறைல தகடு வெட்டிப் போட்டுக்கலாம்.

இப்ப கருவி. தயவுசெஞ்சு வீட்ல இருக்குற மில்லிமீட்டர் ஸ்பேனர எடுத்துட்டுப் போய் நிக்காதீங்க. இதுல எல்லாம் இஞ்சு அளவு, ஏஎஃப்னு கேக்கணும், போல்ட்டு தலையோட ஒரு பக்கத்துல இருந்து எதிர் பக்கம் வரைக்கும் இருக்குற அளவு அது. அர இஞ்சு தலைன்னா 12.7 மில்லி, 13ஆம் நம்பர் ஸ்பேனர போட்டா லூசா உக்காரும், அழுத்துனா தலை உருண்டுரும், அப்பறம் உளி, சுத்தி, கேஸ்னு போகும். 7/16, 1/2, 9/16, 3/4 இந்த நாலு சைசுல ஸ்பேனரும் கோட்டி (சாக்கெட்) செட்டும் இருந்தா முக்கால்வாசி வண்டி பிரிஞ்சிரும். ஜாக்கி மட்டும் வெச்சு கீழ படுக்கக் கூடாது, ஹாலோ பிளாக்கும் கூடாது, அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும், இரும்பு ஸ்டாண்டு நாலு வெல்டிங் பட்டறைல செஞ்சுக்கோங்க. எஞ்சின் தூக்க செயின் பிளாக் கிரானைட் பட்டறைக்காரங்ககிட்ட வாடகைக்கு கெடைக்கும், ஆனா கொட்டாய் தூலத்துல மாட்டாதீங்க, எரும கட்டுன தூலம் எஞ்சின் தாங்கும்னு நம்பக் கூடாது, நாங்க தனியா இரும்பு பைப்புல முக்காலி மாதிரி போட்டுக்கிட்டோம்.

பிரிக்கிறது ரெண்டு வாரத்துல முடியும், எதுக்குள்ள எது போச்சுன்னு ஞாபகம் வெக்கிறதுதான் கஷ்டம். இந்தப் பொறுப்ப பாப்பாகிட்ட குடுத்தேன், ஆறாவது படிக்கிறா. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழட்டுன அப்பறம் ஒரு போட்டோ, பையில போட்டு நம்பர் எழுதி ஒட்டணும், நோட்டுல அதே நம்பர். பைங்கள அடுக்க ராயக்கோட்டை மார்க்கெட்டுல இருந்து பழைய தக்காளி கிரேட் பத்து வாங்கினோம், ஒரு கிரேட் ஒரு ஏரியா, முன் சஸ்பென்ஷன் ஒண்ணு, பிரேக் ஒண்ணு, கதவு ஒண்ணுன்னு. மழ பெஞ்சா மை அழியும், பென்சில்ல எழுதுங்க.

அவ பள்ளிக்கூடம் போன ஒரு நாள் நானே அவசரப்பட்டு பாடிக்கும் சேஸிக்கும் நடுவுல இருக்குற பேக்கிங் தகடுங்கள கழட்டி ஒரே டப்பால போட்டுட்டேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஹெரால்டுல கதவு சரியா மூடுறது அந்தத் தகடுங்க கைல இருக்கு, ஒரு எடத்துல ரெண்டு இருக்கும், இன்னொரு எடத்துல ஒண்ணுகூட இருக்காது. திருப்பி மாட்டும்போது கதவு மேல இடிக்குது, கீழ ரெண்டு விரல் போற சந்து. மூணு ஞாயித்துக்கெழம தகடு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தோம். "நோட்டுல எழுதிருந்தா அஞ்சு நிமிஷம்ப்பா"ன்னு அவ சொன்னத எங்கப்பா ஊர் பூரா சொல்லிட்டாரு.

துரு எடுக்க ஆசிட்டுப் பக்கம் போகாதீங்க, வீட்ல கொழந்தைங்க இருக்குன்னா கரண்ட் வெச்சு எடுக்குற முறதான் நல்லது. நீல பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கணக்குல சலவ சோடா, ஓரத்துல பழைய கம்பி நாலு நட்டு வெச்சு எல்லாத்தையும் சேத்து கட்டிக்கோங்க, நடுவுல துரு புடிச்ச சாமான தொங்கவிடணும், கம்பியில படக் கூடாது. பேட்டரி சார்ஜரோட மைனஸ் சாமானுக்கு, பிளஸ் கம்பிக்கு. மாத்திக் குடுத்தா சாமான் கரைஞ்சிரும், ஜாக்கிரத. ஓரத்துல வெக்கிற கம்பி சாதா இரும்புதான், எவர்சில்வர் வெச்சா விஷத் தண்ணி ஆயிரும். ஹைட்ரஜன் கேஸ் வரும், அதனால வெட்டவெளில வெக்கணும், பக்கத்துல பீடி கூடாது, இத எங்கப்பாவுக்கு நாலு தடவ சொன்னோம். ராத்திரி போட்டா காலைல கருப்பா மாவு மாதிரி இருக்கும், பிரஷ் போட்டு தேச்சு, காயவெச்சு, அன்னைக்கே பிரைமர் அடிச்சிருங்க, மறுநாள் வெச்சா மறுபடி சிவப்பாயிரும்.

அப்பறம் இந்த வண்டிலயே முக்கியமான சமாச்சாரம், முன் சக்கரத்துக்குக் கீழ இருக்குற டிரன்னியன். பித்தளை மாதிரி ஒரு கட்டை, அதுக்குள்ள மரை போட்ட தண்டு திரும்பும், ஸ்டீரிங் ஒடிக்கும்போது மொத்த சக்கரமும் அந்த மரையிலதான் சுத்துது. அதுக்கு கிரீஸ் போடக் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான் ஊத்தணும். எங்கப்பா நாப்பது வருஷம் கெணத்து ஆயில் எஞ்சின் பாத்த மனுஷன், கிரீஸ் துப்பாக்கிய எடுத்துட்டு வந்து நின்னாரு.

"டேய், திரும்புற எடம்னா கிரீஸ்தாண்டா. எண்ணெ ஒழுகிப் போயிரும்."

"ஒழுகணும்பா, அதுக்குத்தான் எண்ணெ. ஒழுகுனா திருப்பி ஊத்திக்கலாம், கிரீஸ் காஞ்சு அடச்சிக்குச்சுன்னா கீழ மரைக்கு ஒண்ணும் போகாது."

நம்பல. பழைய டிரன்னியன கழட்டி அவரு கைலயே குடுத்தேன். கருப்பா களிமண்ணு மாதிரி கிரீஸ், மேல மட்டும். ஊசி வெச்சு நோண்டி கீழ பாத்தா மரை பூரா துரு, தண்டுல நகத்த வெச்சா மாட்டுற அளவுக்கு பள்ளம். அந்தத் தண்டு ஓடுறப்ப ஒடஞ்சா சக்கரம் மடங்கி வண்டி மூக்கு குத்தி நிக்கும். தண்ட கைல வெச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, கிரீஸ் துப்பாக்கிய கொண்டுபோய் உள்ள வெச்சிட்டு ஆயில் கேன் எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு பக்கமும் டிரன்னியனும் தண்டும் புதுசு வாங்கினோம், ட்ரையம்ப் சாமான் இங்கிலாந்துல இன்னும் புதுசா செய்றாங்க, கஸ்டம்ஸ் வரியோட சேத்து கணக்கு பண்ணிக்கோங்க. இதுல மட்டும் லேத்துல செஞ்சுக்கலாம்னு நெனைக்காதீங்க.

பின்னாடி குறுக்கால ஒரே பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியல் (பின் சக்கரம் ரெண்டுக்கும் சுத்துற சக்திய பிரிச்சுக் குடுக்குற பெட்டி) மேல போல்ட்டு போட்டு உக்காந்திருக்கும். அதுக்குள்ள எவ்ளோ அழுத்தம் நிக்குதுன்னு பாத்தா தெரியாது. சக்கரத்துக்குக் கீழ ஜாக்கி குடுத்து பாரத்த வாங்கிட்டு, ஷாக் அப்சார்பர் கழட்டி, மெதுவா எறக்கி, ஸ்பிரிங் நேரா தொங்குன பிறகுதான் முனை போல்ட்ட தொடணும், பசங்கள தள்ளி நிக்கச் சொல்லுங்க.

எஞ்சின் 948 சிசி, நாலு சிலிண்டர், சின்ன எஞ்சின், பயப்பட ஒண்ணுமில்ல. சிலிண்டர் தலைய (எஞ்சின் மேல் மூடி) கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்: ஒருத்தர் கிளட்ச மிதிக்கணும், ஒருத்தர் முன்னாடி கிராங்க் புல்லிய பாக்கணும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியுற மாதிரி முன்னாடி நகந்தா உள்ள கிராங்க முன்ன பின்ன நகராம புடிக்கிற திரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், கால் மில்லி ஆட்டமே அதிகம். விட்டா வாஷர் சம்புல (எஞ்சின் அடியில இருக்குற ஆயில் தொட்டி) விழுந்து கிராங்கு பிளாக்கையே தின்னுரும், அப்பறம் எஞ்சின எடைக்குப் போட வேண்டியதுதான். தலைய லேத்துக்கு அனுப்பும்போது எக்ஸாஸ்ட் வால்வுக்கு கெட்டியான சீட்டு போடச் சொல்லுங்க, இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின், 2000த்துல இருந்து நம்ம நாட்ல ஈயம் இல்லாத பெட்ரோல்தான், பழைய சீட்டு தேஞ்சு வால்வு உள்ள எறங்கும். இப்ப வர 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பு டயாஃப்ரமும் ஊறிப்போயிரும், எத்தனால் தாங்குற ஹோஸ் கேட்டு வாங்குங்க. வால்வு கிளியரன்ஸ் எஞ்சின் குளுந்து இருக்கும்போது 0.010 இஞ்சு, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, இத சுவத்துல எழுதி வெச்சிருங்க.

ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணி பத்தி சொல்லணுமா. காபி போடுற பாத்திரத்துல வெள்ளையா படியுதில்ல, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். பேட்டரி தண்ணியில (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்ல) கூலண்ட் கலந்து ஊத்துங்க. சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசுறது நம்மூர் மெக்கானிக்குங்க பழக்கம், சூடாகுற காரணம் அடச்ச ரேடியேட்டரு, பாவம் தெர்மோஸ்டாட் என்ன பண்ணும்.

பிரேக்குல காசு பாக்கக் கூடாது. இதுல ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்காது. ரப்பர் எல்லாமே புதுசு, இரும்பு பைப்பு எல்லாமே புதுசு. பழைய பிரேக் ஷூ தூசிய கம்ப்ரஸர் காத்துல ஊதாதீங்க, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தண்ணி தெளிச்சு ஈரத்துணில தொடச்சு அந்தத் துணிய மூட்ட கட்டி போட்டுருங்க. பிரேக் ஆயில் பெயிண்ட் மேல பட்டா தோல் உரியுற மாதிரி உரியும், அதனால பிரேக் வேலய பெயிண்டுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.

வயரிங் முழுக்க வீட்டுக்காரம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி ஓசூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைன்ல இருந்தவ, நான் முறுக்கி டேப் சுத்துன ஜாயிண்ட இழுத்தா, கையோட வந்துருச்சு. "ஏங்க, இப்படி பண்ணுனா எங்க சூப்பர்வைசர் லைன நிறுத்திருவாரு"ன்னா. அன்னைக்கு இருந்து ஒவ்வொரு முனையும் கிரிம்ப், மேல ஸ்லீவ், ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ். ஒண்ணு மட்டும் கவனிங்க, இந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிங்கள்ல சிலதுக்கு பேட்டரியோட பிளஸ்தான் பாடில இருக்கும். டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போடுறீங்கன்னா மொதல்ல எது பாடில இருக்குன்னு பாத்து, மைனஸுக்கு மாத்திட்டுத்தான் கனெக்ஷன் குடுக்கணும், இல்லன்னா ஒரே நிமிஷத்துல ஆல்டர்னேட்டர் போச்சு.

இப்ப எல்லாருக்கும் புடிச்ச சமாச்சாரம், மாடிஃபிகேஷன். எங்கூட்டு விதி என்னன்னா நிக்கிறதுக்கும், பாக்குறதுக்கும், சூடாகாம இருக்குறதுக்கும் மாத்தலாம், மத்தத தொடக் கூடாது. மாருதி ஆம்னி ஆல்டர்னேட்டர், பாயிண்டுக்கு பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியேட்டருக்கு கரண்ட் ஃபேன், ஏழு இஞ்சு ஹெட்லைட்டுல ரிலே வெச்சு ஹாலஜன், முன் சீட்டுக்கு மூணு முனை பெல்ட்டு. பெல்ட்டு போல்ட்ட வெறும் தகட்டுல மாட்டாதீங்க, பின்னாடி கனமான பிளேட்டு வெச்சு வெல்டு பண்ணணும். டயர் 155/80 ஆர்13 ரேடியல், வேகன்ஆருக்கு வர சைசு, எல்லா ஊர்லயும் கெடைக்கும். ஆனா அலாய் வீல் ஆச வேண்டாம், இதோட நாலு போல்ட்டு வட்டம் 95.25 மில்லி, மாருதி வீல் உக்காராது, அடாப்டர் போட்டு மாட்டுறது உயிரோட வெளையாட்டு. முன்னாடி டிஸ்க் பிரேக் வேணும்னா டிஸ்க் மட்டும் வாங்குனா பத்தாது, சக்கரத்த தாங்குற தண்டுல இருந்து காலிப்பர் வரைக்கும் ஸ்பிட்ஃபயர் செட்டா வாங்கணும்.

மச்சான் ஸ்விஃப்ட் எஞ்சின் போடலாம் மாமான்னு ஒத்தக்கால்ல நின்னான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து ஆர்சி விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லிருக்கு. எஞ்சின் மாத்தணும்னா ஆர்டிஓ அனுமதி முன்னாடியே வாங்கணும், கலர் மாத்துனாகூட ஆர்சில ஏத்தணும். இன்னொரு வழியும் இருக்கு, 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2021 ஜூலைல விண்டேஜ் பதிவுன்னு கொண்டுவந்தாங்க, நம்பர்ல விஏன்னு எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனா அதுல சேஸி, பாடி, எஞ்சின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது, தெனமும் ரோட்ல ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடப் போறது இந்த மாதிரிக்குத்தான். நாங்க சாதா ஆர்சியவே அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சுக்கிட்டோம், எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டு பண்ணிட்டு கொட்டாயிலயே நிறுத்தணும்.

சீட்டு அம்மா தச்சாங்க, வீட்டு தையல் மெஷின்லயே, 18ஆம் நம்பர் ஊசி போட்டா ரெக்சின் போகும், பழைய உறைய பிரிச்சு அதையே அளவா வெச்சு வெட்டணும், அவ்ளோதான்.

பெயிண்ட். டிங்கரிங், பட்டி, பிரைமர், உப்புத்தாள் தேய்க்கிறது இதெல்லாம் வீட்ல பண்ணுங்க, பசங்களுக்கு தண்ணி போட்டு தேய்க்கிறது ரொம்பப் புடிக்கும். கடைசி கோட்டு மட்டும் பூத் இருக்குற எடத்துல குடுத்துருங்க. இப்ப எல்லாரும் அடிக்கிற ரெண்டு பாகம் கலக்குற பெயிண்டோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுக்குழாய கெடுத்துரும், துணி மாஸ்க்கெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. கார்த்திகைக்கு அப்பறம் குடுங்க, மாங்கா சீசன் வெயில்ல தகடு கொதிக்கும், பெயிண்ட் பரவுறதுக்குள்ள காஞ்சு ஆரஞ்சு தோல் மாதிரி ஆயிரும்.

மொத ஓட்டம் எங்களுக்கு கேஆர்பி டேம் வரைக்கும். 50க்கு மேல போகல. ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சிக்கணும், இதோட பின் சக்கரம் ரெண்டும் ஊஞ்சல் மாதிரி அசையுற ஆக்சில்ல இருக்கு, வளைவுல வேகமா போயி பயந்து டக்குன்னு ஆக்சிலேட்டர விட்டா வெளிப்பக்க சக்கரம் உள்ள மடங்கி பின்பக்கம் தூக்கி அடிக்கும். தொப்பூர் கணவாய் மாதிரி எறக்கத்துல வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சுட்டு, வளைவுக்குள்ள லேசா ஆக்சிலேட்டர் குடுத்துட்டே போகணும். முன் டயர்ல காத்து பின் டயர விட கம்மியா இருக்கணும், பங்சர் கடைப் பையன் பழக்கதோஷத்துல நாலுக்கும் ஒரே மாதிரி 30 அடிச்சு விட்டுருவான், பக்கத்துலயே நில்லுங்க.

500 கிலோமீட்டர் ஆனதும் எஞ்சின் ஆயில் மாத்தி, சிலிண்டர் தலை நட்டு, பின் ஸ்பிரிங் நட்டு, ஸ்டீரிங் நட்டு எல்லாத்தையும் ஒருதடவ இறுக்கிப் பாத்து, வால்வு கிளியரன்ஸ் மறுபடி வெக்கணும். டிக்கில ஃபேன் பெல்ட்டு ஒண்ணு, ரெண்டு லிட்டர் பேட்டரி தண்ணி, அப்பறம் அந்த அர இஞ்சு ஸ்பேனர். டிரன்னியனுக்கு எண்ணெ ஊத்துறது இப்ப எங்கப்பா வேல, மாசாமாசம் மொத ஞாயித்துக்கெழம, யாரையும் கிட்ட விடறதில்ல.